எல்லையோரத்து முதியவர்களும் மருத்துவக் காப்பீடும்: கேளுங்கள், சொல்கிறேன்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலூகா, தமிழ்நாட்டின் பொள்ளாச்சிப் பக்கத்து ஆட்கள்தான் இங்கே அதிகம். கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்பவரின் ஊர்ப் பெயர். அதனால் கேரளத் திட்டம், தமிழ்நாட்டுத் திட்டம் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன். மருத்துவமனை இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் பல வருடம் வேலை பார்த்தவள் நான். கேட்கும்போது மூன்று விவரம் கட்டாயம் எழுதுங்கள்: நோயாளியின் வயது, ரேஷன் கார்டு எந்த மாநிலம், ஆதாரில் முகவரி எந்த மாநிலம்.

கொழிஞ்சாம்பாறை: அப்பாவுக்கு 73, அம்மாவுக்கு 70. எழுபது தாண்டினால் வருமானம் பார்க்காமல் 5 லட்சம் வரை இலவச சிகிச்சை என்கிறார்கள். ஆளுக்கு 5 லட்சமா? வீட்டில் காருண்யா கார்டும், அதாவது கேரள அரசின் மருத்துவக் காப்பீட்டு கார்டும், இருக்கிறது அக்கா.

ஆளுக்கு இல்லை தம்பி. ஒரு குடும்பத்தில் எழுபது தாண்டியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் எல்லாருக்கும் சேர்த்து வருடத்துக்கு 5 லட்சம். உங்கள் அப்பாவின் இதய சிகிச்சைக்கு 3 லட்சம் போய்விட்டால், அந்த வருடம் அம்மாவுக்கு மீதி 2 லட்சம்தான். இது 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு. காருண்யா, கேரளத்தில் மத்திய அரசின் இலவச மருத்துவக் காப்பீடான ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்து நடக்கும் திட்டம். ஏற்கெனவே ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் உள்ள குடும்பம் என்றால், பெரியவர்களுக்கு இந்த 5 லட்சம் தனியாகக் கூடுதலாக உண்டு என்பது விதி. அதில் நீங்களோ உங்கள் பிள்ளைகளோ பங்கு கேட்க முடியாது. பழைய நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. முதல் நாளிலிருந்தே செல்லும்.

வயதை ஆதாரில் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு ஆதாரில் ஜனவரி 1 என்று ஒரு குத்துமதிப்பான தேதி இருக்கும். அம்மாவுக்கு 70 முடிந்துவிட்டதா என்று அதை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். இந்தச் செலவில் பொதுவாக மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. டெல்லியில் அறிவித்த உடனே நம் பக்கத்து மருத்துவமனையில் ஓடும் என்று அர்த்தம் இல்லை. கார்டு கையில் இருந்தாலும், அட்மிட் ஆகும் முன் கவுன்ட்டரில் போய் "இந்த கார்டுக்கு, இந்த சிகிச்சைக்கு, இங்கே அப்ரூவல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் படுக்கையில் படுக்க வேண்டும்.

வேலந்தாவளம்: கார்டுக்கு பிரீமியம் எவ்வளவு?

பூஜ்யம். பிரீமியம் கட்டச் சொல்லி போன் வந்தால் வைத்துவிடுங்கள். ஓடிபி கேட்டாலும் சொல்லாதீர்கள்.

வண்ணாமடை: எனக்கு 71. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கு மாதம் 2,500 ரூபாய் ஆகிறது. கார்டில் வாங்கலாமா?

முடியாது அம்மா. படுத்துப் பார்க்கும் சிகிச்சைக்கும், டயாலிசிஸ் மாதிரி ஒரே நாளில் முடிந்து திரும்பும் சிகிச்சைக்கும்தான் இந்தத் திட்டம். ஓபி சீட்டு, மாதாந்திர மாத்திரை, மூக்குக் கண்ணாடி, காது மெஷின், பல் செட் எதுவும் வராது. அட்மிட் ஆவதற்கு முன் 3 நாள், டிஸ்சார்ஜ் ஆன பின் 15 நாள் மருந்து சேரும். பதினாறாம் நாளிலிருந்து உங்கள் காசு.

முதியவர்களை உண்மையில் கரைப்பது இந்தச் செலவுதான். ஆபரேஷனுக்குக் கார்டு இருக்கிறது என்ற தைரியத்தில் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் ஸ்ட்ரோக்கோடு வருகிறார்கள். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. உங்கள் குடும்ப ஆரோக்கிய கேந்திரத்தில் சர்க்கரை, பிரஷருக்கான அடிப்படை மாத்திரைகள் இலவசம். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை எழுதச் சொல்லி மத்திய அரசின் மலிவு விலை ஜன் ஔஷதி கடையிலோ கேரள அரசின் காருண்யா மருந்தகத்திலோ வாங்கிப் பாருங்கள். பில் பாதிக்குக் கீழே இறங்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் வழியாக மாத்திரை வீட்டுக்கே வரும்.

மீனாட்சிபுரம்: தாத்தாவை அவசரமாகச் சேர்த்து 60,000 கட்டிவிட்டோம். டிஸ்சார்ஜ் ஆன பிறகுதான் கார்டு ஞாபகம் வந்தது. பணம் திரும்புமா?

வராது. இது பணம் கட்டிவிட்டு பில் கொடுத்து வாங்கும் காப்பீடு இல்லை. மருத்துவமனைக்கு நேராகப் போகும் பணம். அவசரம் என்றாலும் சேர்த்த அன்றே கார்டையும் ஆதாரையும் கவுன்ட்டரில் கொடுங்கள். பணம் கட்டுவதற்கு முன்பே கார்டைக் காட்டிவிடுங்கள்.

எருத்தேம்பதி: வெள்ளை ரேஷன் கார்டு. எனக்குக் கிடைக்குமா?

வயது எழுதவில்லை. எழுபது தாண்டியிருந்தால் வய வந்தனாவுக்கு ரேஷன் கார்டின் நிறம் ஒரு பொருட்டே இல்லை.

கோபாலபுரம்: என் யோசனையைச் சொல்கிறேன் மேடம். எல்லையில் இருக்கிற நாம் இரண்டு பக்கமும் ஒரு கார்டு வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். எங்கள் ஊரில் சிலர் அப்படித்தான் இருக்கிறார்கள். கோயம்புத்தூருக்கு ஒன்று, பாலக்காட்டுக்கு ஒன்று.

ஐயா, இதை இங்கே யாரும் பின்பற்ற வேண்டாம். இரண்டு மாநிலத்தில் ரேஷன் கார்டு வைத்திருப்பது தப்பு, அது முதல் விஷயம். இரண்டாவது, எல்லாமே ஒரே ஆதாரில் போய் நிற்கிறது. கைரேகை வைத்த நிமிடம் இன்னொரு மாநிலத்துப் பதிவு தெரிந்தால், அப்ரூவல் அங்கேயே நின்றுவிடும். ஸ்டென்ட் வைக்கப் படுத்திருக்கும் நேரத்திலா அதை நேராக்கப் போகிறீர்கள்?

முதலமடை: அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. கேரள கார்டைக் கோயம்புத்தூரில் காட்டினால் "உங்க ஸ்டேட்டுக்குப் போங்க" என்கிறார்கள். பிறகு வேறு என்ன செய்வது?

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. நாடு முழுக்கச் செல்லும் என்பது ஆயுஷ்மான் பாரத்தின் அடிப்படை வாக்குறுதி, அதைச் செய்யாமல் திருப்பி அனுப்புவது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உங்கள் குடும்பம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா, இல்லை மாநிலம் தன் சொந்தப் பணத்தில் சேர்த்த குடும்பமா? இரண்டாவது என்றால் வாளையார் எல்லையைத் தாண்டியதும் கார்டு வேலை செய்யாமல் போகலாம். தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டிலும் இதே கதைதான். ஆயுஷ்மான் பாரத் உதவி எண்ணான 14555க்குப் போன் போட்டு ஆதாரை வைத்துக் கேட்டால் எந்தப் பட்டியல் என்று தெரிந்துவிடும்.

கோபாலபுரம்: போன் போட்டால் எடுக்கிறார்களா? சொல்வது சுலபம்.

எடுக்கும் வரை போடுங்கள் ஐயா, அதுவும் உடம்பு நன்றாக இருக்கும் நாளில். மத்தியப் பட்டியலில் இருந்தும் திருப்பி அனுப்பினால், ஏன் முடியாது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரச் சொன்னதும் பல கவுன்ட்டர்களில் பேச்சு மாறும். அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவள் சொல்கிறேன். அப்புறம் 14555இலேயே புகார் பதிந்து எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனோடு தமிழ்நாட்டிலேயே தங்கிவிட்டீர்கள் என்றால், ஆதார் முகவரியையும் ரேஷன் கார்டையும் முறையாக மாற்றிவிடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று சான்று வேண்டும். கார்டு கலெக்டர் ஆபீஸ் மையத்தில் கிடைக்கும். ஒரு பக்கம் இருங்கள், முழுசாக இருங்கள். இரட்டைக் கார்டுப் பேச்சை இத்துடன் விடலாம்.

நெம்மாறை: அம்மாவுக்கு 68. கேரள ரேஷன் கார்டு. வாரம் மூன்று டயாலிசிஸ். காருண்யா கார்டில் நாங்கள் இல்லை.

இந்தக் கேள்விக்குத்தான் நேரம் ஒதுக்க ஆசைப்பட்டேன். முதலில் மாவட்ட ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் யூனிட்டைக் கேளுங்கள். 2016இல் தொடங்கிய தேசிய டயாலிசிஸ் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு அங்கே இலவசம். இடம் இல்லை என்றால் வரிசையில் பெயர் எழுதிவிட்டு வாருங்கள், எழுதாமல் திரும்பாதீர்கள். அடுத்தது, காருண்யா கார்டு இல்லாத, வருட வருமானம் 3 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்குக் காருண்யா பெனவலன்ட் ஃபண்ட் என்ற கேரள அரசின் மருத்துவ உதவி நிதி இருக்கிறது. சாதாரணமாக 2 லட்சம், கிட்னி நோய்க்கு 3 லட்சம் வரை. அது வாழ்நாளில் ஒரு முறைதான், வருடா வருடம் புதுப்பிக்காது. அதனால் அது தீரும் முன்பே அரசு யூனிட்டில் இடம் பிடித்தாக வேண்டும்.

கணக்குப் போடும்போது ஆட்டோ வாடகையை விட்டுவிடாதீர்கள் தம்பி. வாரம் மூன்று முறை போய் வரும் செலவு, கூட இருப்பவரின் போன கூலி, இவற்றை எந்தத் திட்டமும் தராது. பக்கத்தில் இருக்கும் சின்ன யூனிட், தூரத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியைவிட உங்களுக்கு மலிவு.

கோவிந்தாபுரம்: ராணுவ பென்ஷன், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டமான ஈசிஹெச்எஸ் இருக்கிறது. வய வந்தனாவும் எடுக்கலாமா?

ஏதாவது ஒன்றுதான். ஓபி மருந்தும் கிடைப்பதால் ஈசிஹெச்எஸ்ஸை விடாதீர்கள்.

வடகரபதி: வெள்ளை கார்டுக்குக் கிடைக்குமா?

மேலே எருத்தேம்பதிக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

பொள்ளாச்சி: அப்பாவின் தனியார் பாலிசி வருடா வருடம் ஏறுகிறது. வய வந்தனா வந்துவிட்டதே, நிறுத்திவிடலாமா?

தனியார் பாலிசி இருப்பவரும் வய வந்தனா எடுக்கலாம், அதனால் அவசரப்பட்டு நிறுத்தாதீர்கள். 2025 ஜனவரியிலிருந்து மூத்த குடிமக்கள் பிரீமியத்தை வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏற்ற, கம்பெனி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தைக் கேட்டாக வேண்டும். அதே வருடம் செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டியும் இல்லை. அடுத்த ரின்யூவல் நோட்டீஸில் இந்த இரண்டையும் சரிபாருங்கள். அப்பா வழக்கமாகப் போகும் ஆஸ்பத்திரி அரசுப் பட்டியலில் இருந்து, அங்கே அப்ரூவலும் கிடைக்கிறது என்று உறுதியான பிறகு நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். அரசுத் திட்டத்தில் பொது வார்டுதான். தனி அறை கேட்டால் மொத்த பில்லும் உங்கள் தலையில் வரும் என்பதை அப்பாவிடம் இப்போதே பேசிவிடுங்கள்.