பூனை ஓயாமல் காதைச் சொறிகிறது, காதுக்குள் கருப்பாக அழுக்கு இருக்கிறது: என்ன காரணம், வீட்டில் என்ன செய்யலாம்?

உங்கள் இரண்டு வயதுப் பூனை ஒரு வாரமாகத் தலையை உதறிக்கொண்டும் வலது காதைப் பின்னங்காலால் சொறிந்துகொண்டும் இருக்கிறது, காதுக்குள் கருப்பாக அழுக்குத் தெரிகிறது, முன்பு வேறொரு பூனைக்கு வாங்கிய காதுப்பூச்சி மருந்து மிச்சம் இருக்கிறது, அதை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விட வேண்டாம். இதே காரியத்தை நான் செய்து என் பூனையைத் துன்பப்படுத்தியிருக்கிறேன். அதனால்தான் சற்று விரிவாக எழுதுகிறேன்.

நான் முதலில் வளர்த்த குட்டிக்கு வந்தது உண்மையிலேயே காதுப்பூச்சிதான். இரண்டு காதுகளிலும் ஈரக் காபித்தூள் காய்ந்து ஒட்டிக்கொண்டது போல அழுக்கு அப்பியிருந்தது. காதின் அடியை விரலால் லேசாகத் தேய்த்தால் போதும், பின்னங்கால் தானாக எழுந்து காற்றிலேயே சொறியத் தொடங்கிவிடும். மருத்துவர் அந்த அழுக்கில் சிறிதளவு எடுத்து, எண்ணெயில் கரைத்து, நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். கண்ணாடி போன்ற உடலும் கால்களுமாகப் பூச்சிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. ஓட்டோடெக்டீஸ் என்னும் இந்தச் சிற்றுண்ணி முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 3 வாரங்கள் ஆகும். காதில் விடும் மருந்துகள் பலவும் முட்டைகளைக் கொல்வதில்லை என்பதால், சொறிச்சல் நின்ற நான்காம் நாளே மருந்தை நிறுத்தினால் அடுத்த தலைமுறை பொரித்து வந்துவிடும். நெருங்கிப் பழகினாலே தொற்றும் என்பதால் வீட்டிலுள்ள மற்றப் பூனைகளுக்கும் நாய்களுக்கும் ஒரே சமயத்தில் மருந்து தர வேண்டும். செலமெக்டின் போன்ற மருந்தைப் பிடரித் தோலில் விட்டாலே இப்போது இது குணமாகிறது.

அடுத்த பூனைக்கும் இரண்டு வயதிருக்கும்போது அதே உதறலும் அதே கருப்பும் வந்தன. தெரிந்த நோய்தானே என்று மிச்சமிருந்த மருந்தை 10 நாட்கள் விட்டேன். குறையவில்லை, துர்நாற்றம் கூடியது. ஒரு காதில் மட்டுமே தொல்லை இருந்ததையும், அது தூங்கும்போது குறட்டை போல மூச்சு கேட்டதையும் நான் சேர்த்து யோசிக்கவில்லை. மயக்க மருந்து கொடுத்துப் பார்த்தபோது நடுக்காதிலிருந்து பாலிப் என்னும் சதை வளர்ந்து செவிப்பறையைத் துளைத்துக் காதுக்குழாய்க்குள் நீட்டிக்கொண்டிருந்தது. இளம் பூனைகளுக்கு வரக்கூடிய, புற்றுநோய் அல்லாத வளர்ச்சி இது. அதைப் பிடித்து இழுத்து எடுத்தார்கள். அதன்பின் சில வாரங்கள் அந்தப் பக்கக் கண்மணி சுருங்கியும் கண்ணின் உள்மூலையிலுள்ள மூன்றாம் இமை பாதி ஏறியும் இருந்து, பிறகு சரியாயிற்று; நடுக்காதின் வழியே கண்ணுக்குச் செல்லும் நரம்பு சீண்டப்படுவதால் அப்படி ஆகிறது.

கிழிந்த செவிப்பறை வழியாக நான் பத்து நாட்கள் மருந்தைச் சொட்டியிருக்கிறேன் என்பதுதான் இதில் என்னை இன்றும் உறுத்துகிறது. வெளிக்காதில் தீங்கு செய்யாத மருந்துகள் சில, ஜென்டாமைசின் என்னும் பாக்டீரியாக்கொல்லி, குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி போன்றவை, உட்காதைச் சேர்ந்துவிட்டால் செவித்திறனையும் உடல் சமநிலையையும் கெடுக்கக்கூடும், சில சமயம் நிரந்தரமாகவே. பூனையின் காதுக்குழாய் முதலில் கீழ்நோக்கி இறங்கிப் பிறகு உள்நோக்கித் திரும்புவதால் வெளியிலிருந்து செவிப்பறையைப் பார்க்க நம்மால் முடியாது. அதைக் காதுநோக்குக் கருவியால் பார்த்துச் சொல்ல வேண்டியவர் மருத்துவர்.

ஒரு காதில் மட்டும் கோளாறு என்றால் பாலிப், உள்ளே சிக்கிய புல்விதை, சண்டைக் காயம், வயதான பூனையானால் கட்டி ஆகியவற்றை நான் முதலில் சந்தேகிப்பேன். இரண்டு காதுகளிலும் என்றால், குட்டிகளிடம் காதுப்பூச்சி. வெளியே போகாத, வேறு விலங்கோடு பழகாத வளர்ந்த பூனையிடம் பெரும்பாலும் ஒவ்வாமை. தெள்ளுக்கடியோ உணவோ காற்றில் கலந்திருக்கும் தூசோ காதுத்தோலை அழற்சியுறச் செய்ய, அந்த ஈரத்தில் ஈஸ்டும் பாக்டீரியாவும் பெருகுகின்றன. இந்தத் தொற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்து ஒவ்வாமையை விட்டுவிட்டால் சில வாரங்களில் அது திரும்ப வரும். பஞ்சில் துடைத்து எடுத்த குரும்பிக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் எது பெருகியிருக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும். இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

காதுமடலின் விளிம்பில் தடித்த பொருக்கு தோன்றினால் அது சொறிச் சிற்றுண்ணியாகவோ படர்தாமரையாகவோ இருக்கலாம். வெள்ளைப் பூனையின் காது நுனியில் ஆறாத புண் இருந்தால் தாமதிக்கக் கூடாது. வெயிலால் வரும் தோல் புற்றுநோய் அப்படித்தான் தொடங்குகிறது.

காதைச் சுத்தம் செய்யச் சொன்னால், பூனைக்கென்று மருத்துவர் தந்த திரவத்தைக் கைக்குள் வைத்துச் சிறிது சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்ந்த திரவம் விழுந்தால் பூனை அடுத்த முறை பக்கத்திலேயே வராது. மடலை மெல்ல மேலே தூக்கி, குழாயில் திரவத்தை விட்டு, காதின் அடியை அரை நிமிடம் பிசையுங்கள். சளசளவென்று ஈரச் சத்தம் கேட்கும். கையை எடுத்ததும் அது தலையை உதறும். அந்த உதறல்தான் உள்ளிருக்கும் அழுக்கை மேலே கொண்டுவருகிறது. வெளியே வந்ததை விரலில் சுற்றிய பஞ்சால் துடைத்தால் போதும். பஞ்சுக் குச்சியை உள்ளே விடாதீர்கள், அது அழுக்கை வளைவுக்கு அப்பால் தள்ளி அடைக்கும். ஆரோக்கியமான காதை வாராவாரம் கழுவ வேண்டியதும் இல்லை.

ஹைட்ரஜன் பெராக்சைடு, மனிதர்களுக்கான காது மருந்து ஆகியவை வேண்டாம். தேயிலை மர எண்ணெய் பூனைக்கு நஞ்சு. நாய்களுக்கான பெர்மெத்ரின் என்னும் தெள்ளு மருந்தும் அப்படித்தான். அதனால் பூனைகள் வலிப்பு வந்து இறந்திருக்கின்றன.

சிகிச்சை நடக்கும்போது பின்னங்கால் நகங்களை வெட்டிவிடுங்கள். ஓயாமல் சொறிந்து உதறினால் மடலுக்குள் இரத்தக்குழாய் உடைந்து, காது தலையணை போல வீங்கிவிடும். கவனிக்காமல் விட்டால் அது சுருங்கி உருக்குலைந்துபோகும்.

தலை ஒரு பக்கம் சாய்வது, நடையில் தள்ளாட்டம், கண்கள் பக்கவாட்டில் துடிப்பது, வாந்தி, உணவை மறுப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கொண்டு செல்லுங்கள். நோய் நடுக்காதையோ உட்காதையோ தொட்டிருக்கலாம். இப்போதைக்கு அவை இல்லையென்றால் ஓரிரு நாட்களுக்குள் காட்டுங்கள். உங்கள் பூனைக்கும் ஒரு காதில்தான் தொல்லை என்பதால் தூங்கும்போது மூச்சுச் சத்தத்தைக் கேட்டு வைத்துச் சொல்லுங்கள். போவதற்கு முன் காதைத் துடைக்காதீர்கள், மருத்துவருக்கு அந்த அழுக்குத் தேவைப்படும். மிச்சமிருக்கும் மருந்தையும் எடுத்துச் சென்று அதில் என்ன கலந்திருக்கிறது என்று காட்டுங்கள்.