நஞ்சையில் வீடு கட்டினால் மண் எவ்வளவு அமுங்கும்?

தாமிரபரணிப் பாசன நஞ்சையை மனையாக்கினால் மண் எவ்வளவு அமுங்கும், எப்போது சரியும் என்று முன்கூட்டியே கணக்கிட முடியுமா என்பது கேள்வி. முடியும்.

நடவு வயலில் காலை வைத்துப் பாருங்கள், குதிகாலைச் சுற்றி நீர் கசியும். களிமண்ணும் அப்படித்தான். பாரத்தை முதலில் நீர் தாங்கும். அது மெல்ல வெளியேற, மண் இறுகும். மண் பொறியியல் அறிஞர் டெர்சாகி 1920களில் இதைக் கணக்காக்கினார். களி அடுக்கு இரு மடங்கு தடித்தால் காத்திருப்பு நான்கு மடங்கு.

ஆனால் அது சரிவைச் சொல்லாது. அமுக்கத்தையும் சரிவையும் சேர்த்துச் சொன்னது கேம்பிரிட்ஜில் ஆய்வாளர் ராஸ்கோவின் குழுவினர் உருவாக்கிய ‘கேம் களி’ என்ற கணித மாதிரி. அங்கே ஓடும் கேம் ஆற்றின் பெயர். நம்மூரில் பிறந்திருந்தால் பொருநைக் களி ஆகியிருக்கும்! அதன்படி மண்ணுக்கு ஞாபகம் உண்டு. முன்பு தாங்கிய உச்ச அழுத்தம்வரை விறைப்பாக நிற்கும், தாண்டினால் மளமளவென்று அமுங்கும். கோடையில் பாளம் பாளமாய் வெடித்த மேல்மண் கெட்டியாவதும் இப்படித்தான். அதை நம்பி அஸ்திவாரம் போடாதீர்கள், அடியில் களி இளகியே இருக்கும்.

அப்புறம், லாரி லாரியாகச் செம்மண்ணை ஒரே வாரத்தில் கொட்டினால் நீர் வெளியேற நேரமிருக்காது. சரிவது பெரும்பாலும் அப்போதுதான். கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள்.