எண்ணிக்கையும் மூன்று நிக்கலாய்களும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டில் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். போன ஜனவரியில் 50 புத்தகம் என்று இலக்கு வைத்தேன். நவம்பர் முடியும்போது 31 தான் தேறியது. டிசம்பரில் எண்பது பக்கத்துக்கு மேற்படாத எட்டுப் புத்தகங்களைப் பத்தே நாளில் முடித்து 39 ஆக்கினேன். நடுவில் டால்ஸ்டாயின் ‘போரும் அமைதியும்’ நாவலைத் தொடங்கி 212-ஆம் பக்கத்தில் விட்டுவிட்டேன். பெயர்கள் குழம்பின. அந்த நேரத்தில் நாலு புத்தகம் முடித்திருக்கலாமே என்றும் தோன்றியது. வரும் ஆண்டுக்கு 60 வைக்கலாமா, 75 வைக்கலாமா? எட்டுத்தொகையை ஆறு மாதத்தில் முடிக்கவும் ஆசை. கிண்டிலில் படிப்பதும் ஒலிநூல் கேட்பதும் கணக்கில் சேருமா? கட்டாயம் படிக்க வேண்டிய நூறு நூல்களின் பட்டியல் ஒன்றும் தர வேண்டுகிறேன். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் எனக்கென்று அரைமணி நேரம்தான் கிடைக்கிறது.

ர., ஈரோடு

அன்புள்ள ர.,

மார்கழி பிறந்தால் இப்படிக் கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். பெரும்பாலும் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவது ஒரே ஒரு வரிக்காக: “அந்த நேரத்தில் நாலு புத்தகம் முடித்திருக்கலாமே.” இந்த எண்ணிக்கைப் பழக்கம் வாசகனை என்ன செய்கிறது என்று சில நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதைக் கூச்சமில்லாமல் எழுதிவிட்டீர்கள். அந்த நேர்மைக்காகவாவது உங்களை நன்றாகத் திட்ட வேண்டும்.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுகிறேன். பட்டியல் தர மாட்டேன். உங்கள் அலமாரியில் வாங்கிப் பிரிக்காமல் கிடப்பதே ஒரு பட்டியல்தான். பொங்கலை ஒட்டிச் சென்னை நந்தனத்தில் புத்தகக் காட்சி போட்டதும் பத்து சதவீதக் கழிவுக்காக அதை இன்னும் நீட்டிவிடாதீர்கள். கிண்டிலா காகிதமா? எது கையில் இருக்கிறதோ அது. ஒலிநூலைப் பாத்திரம் கழுவும்போது கேட்கிறீர்களா, கண்ணை மூடி உட்கார்ந்து கேட்கிறீர்களா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எட்டுத்தொகை ஆறு மாதத்தில் முடியாது. குறுந்தொகை மட்டுமே 401 பாட்டு. வேலை நாளுக்கு ஒன்று, வாரத்துக்கு ஐந்து என்று போனால் 80 வாரம், ஒன்றரை ஆண்டு. படிக்கும் வரிசையையாவது சொல்லிவிடுகிறேன். யார் யாரிடம் சொல்லும் கூற்று என்பதை முதலில் பாருங்கள். பிறகு மூலத்தை வாய்விட்டு ஒருமுறை, சந்தி பிரித்து ஒருமுறை. பிறகு பதவுரை, கடைசியில் மறுபடியும் மூலம். பொழிப்புரையை முதலில் படித்தால் பாட்டு கேட்ட கதையாகிவிடும், அப்புறம் மூலத்துக்குள் போக மனம் வராது. நாலு முதல் எட்டு அடிக்குக் கால்மணி நேரம் பிடிக்கும். டிசம்பர் 31-க்குள் முடியாவிட்டால் அடுத்த ஆண்டு தொடருங்கள். யாரும் கதவைச் சாத்தப்போவதில்லை.

இப்போது அந்த எட்டுப் புத்தகங்கள். தலைக்கு எண்பது பக்கம் என்றே வைத்துக்கொண்டாலும் மொத்தம் 640 பக்கம். அச்சகத்துக் கணக்கில், 16 பக்கம் ஒரு பாரமென்றால், 40 பாரம். இதே 640 பக்கத்தை நீங்கள் பாதியில் விட்ட அந்த நாவலில் போட்டிருந்தால் 852-ஆம் பக்கத்தில் நின்றிருப்பீர்கள். ஆனால் உங்கள் கணக்கில் அதற்கு மதிப்பு பூஜ்யம், ஏனென்றால் புத்தகம் முடியவில்லை. மெல்லிய எட்டுக்கு எட்டு மதிப்பெண். தினமும் ஐந்தொகை போடுகிற மனிதர், இந்தப் பேரேடு கோணலாக இருக்கிறது என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா?

மெல்லிய புத்தகம் மட்டம் என்று சொல்லவில்லை. அறுபது கவிதை உள்ள ஒரு சின்னத் தொகுப்பு ஒரு மாதத்தைக் கேட்கும். அதை ஒரு மாலையில் முடித்து எண் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தீர்கள் என்றால், அந்தக் கவிஞரை வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பியதாகத்தான் அர்த்தம். தடிப் புத்தகம் எண்ணிக்கையைக் கெடுக்கும் என்று பயந்து விட்டீர்கள். மெல்லியதை எண்ணிக்கைக்காக ஓடவிட்டீர்கள். முன்பு படித்ததை மறுபடி எடுக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அதைப் பட்டியலில் எப்படி எழுதுவது என்று தெரிந்திருக்காது.

பக்கக் கணக்குக்கு மாறலாமே என்பீர்கள். அதுவும் சரிவராது. டெமி அளவுப் பக்கமும் கிரௌன் அளவுப் பக்கமும் ஒன்றல்ல. ஒரே நாவல் எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி மறுபதிப்பு வந்தால் நூறு பக்கம் கூடிவிடும். கிண்டிலில் எழுத்தின் அளவை மாற்றினால் திரைக்குத் திரை கணக்கு மாறும். உங்கள் கையில் உள்ள ஒரே நம்பகமான அளவு நேரம். அரைமணி நேரம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அதைக் கடைசி வரியில், மன்னிப்புக் கேட்பதுபோல.

அந்த அரைமணியிலிருந்து தொடங்குவோம். ஆண்டுக்கு 365 நாள் என்று போடாதீர்கள், 300 என்று போடுங்கள். கணக்குப் பிரிவில் இருந்துகொண்டு மார்ச் மாதத்துக்கும் வாசிப்பு இலக்கு வைத்தவரை என்ன சொல்ல? 31-ஆம் தேதி கணக்கு முடிக்கும்வரை புத்தகத்தைத் தொட முடியாது என்பது ஜனவரியிலேயே தெரிந்த விஷயம்தானே. மார்ச்சின் 31 நாளைக் கழியுங்கள். கல்யாணம், காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று இன்னும் 34 நாள். மீதி 300. அரைமணி வீதம் 150 மணி நேரம். மார்ச் போக, வாரத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் வருகிறது.

அடுத்தது வேகம். மூன்று விதமான புத்தகங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் இருபது நிமிடம், வழக்கமாகப் படிக்கும் இடத்தில், வழக்கமாகப் படிக்கும் நேரத்தில் படியுங்கள். ஞாயிறு காலை காபியோடு சோதித்துப் பார்த்துவிட்டு அந்த வேகத்தை வேலைநாள் இரவுக்கு ஏற்றிவிடாதீர்கள், எல்லாரும் தவறுவது இங்கேதான். உதாரணத்துக்கு, நாவலில் 12 பக்கம் நகர்ந்தால் மணிக்கு 36. 150 மணி நேரத்துக்கு 5,400 பக்கம், அதாவது இருநூறு பக்கப் புத்தகம் 27. கட்டுரை நூல் இந்த வேகத்தில் போகாது, பழம்பாடல் நெருங்கவே நெருங்காது. நீங்கள் கேட்கும் 75-க்கு 15,000 பக்கம் வேண்டும். 300 நாளில் நாளொன்றுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி 23 நிமிடம். அந்த மீதி 53 நிமிடத்தைத் தூக்கத்திலிருந்து எடுப்பீர்களா, குழந்தைகளிடமிருந்து எடுப்பீர்களா?

இனி அந்த 212-ஆம் பக்கம். இதைச் சும்மா விடப்போவதில்லை.

ஒரு புத்தகத்தை நிறுத்துவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். தூக்கம் வருகிறது, பெயரும் சம்பவமும் குழம்புகின்றன, அல்லது புத்தகமே பிடிக்கவில்லை. முதலாவதற்கு நேரத்தை மாற்ற வேண்டும். மூன்றாவதற்குத் தயங்காமல் மூடி வைக்கலாம், பக்க எண்ணையும் காரணத்தையும் பென்சிலால் பின் அட்டையின் உட்புறம் எழுதிவிட்டு. உங்களுடையது இரண்டாவது. அதற்கு வைத்தியம் ஓர் அஞ்சலட்டை அளவுத் தடித்தாள். அது இல்லாமல் ருஷ்ய நாவலுக்குள் போனது உங்கள் தவறு.

ருஷ்யர் ஒருவருக்குச் சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று உண்டு. நம் தலைப்பெழுத்து மாதிரிதான். நாம் அப்பா பெயரை ஓர் எழுத்தாக முன்னால் வைக்கிறோம், அவர்கள் முழுசாக நடுவில் வைக்கிறார்கள். ஆணுக்கு ‘-இச்’ என்றும் பெண்ணுக்கு ‘-னா’ என்றும் முடியும். இது பிடிபட்டால் அந்த நாவலில் பாதிக் குழப்பம் தீரும். நிக்கலாய் இலியீச் ரஸ்தோவ், நத்தாலியா இலினிச்னா ரஸ்தோவா: இருவரும் இலியாவின் பிள்ளைகள், அண்ணன் தங்கை. அந்த நத்தாலியாதான் நீங்கள் அறிந்த நத்தாஷா, அது செல்லப்பெயர். குடும்பப் பெயரும் பெண்ணுக்கு ‘ஆ’ சேர்ந்து வரும், வேறு வீடு என்று நினைத்துவிடக் கூடாது. அந்திரேய் நிக்கலாயெவிச் என்றால் அவருடைய அப்பா ஒரு நிக்கலாய், கிழட்டுப் பிரபு பல்கோன்ஸ்கி. அந்திரேயின் மகனுக்கும் தாத்தா பெயர்தான், நம் வீடுகளைப் போலவே. ஆக ரஸ்தோவ் வீட்டில் ஒன்று, பல்கோன்ஸ்கி வீட்டில் இரண்டு, மொத்தம் மூன்று நிக்கலாய். பியேர் என்பது பியோத்தர் என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம், அவருக்கு முறையான பெயர் பியோத்தர் கிரிலோவிச் பெஸூகவ்.

தடித்தாளில் ஐந்து கட்டம் போடுங்கள்: பெஸூகவ், பல்கோன்ஸ்கி, ரஸ்தோவ், குராகின், துருபெத்ஸ்காய். முக்கியமானவர்களில் பெரும்பாலோர் இந்த ஐந்து வீட்டுக்குள் அடங்குவார்கள், மற்றவர்களுக்கு ஓரத்தில் இடம் விடுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே செல்லப்பெயர், உறவு, முதலில் வந்த பக்கம். எழுத்துக்கூட்டல் உங்கள் பிரதியில் எப்படி அச்சாகியிருக்கிறதோ அப்படியே இருக்கட்டும், நான் மேலே எழுதியதுபோல அல்ல. டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பில் ஒரு மாதிரி, வேறு பதிப்பில் வேறு மாதிரி இருக்கும். நாவல் 1805 ஜூலையில் ஒரு விருந்துக்கூடத்தில் தொடங்குகிறது. அங்கே வருகிற போகிற எல்லாரையும் எழுதினால் முதல் நாளிலேயே தாள் நிரம்பிவிடும். முதல்முறை வரும் பெயருக்கு ஓரத்தில் பென்சில் புள்ளி, இரண்டாம் முறை வந்தால்தான் தாளில் இடம். இணையத்தில் பாத்திரப் பட்டியலைத் தேடிப் பதிவிறக்கம் செய்துவிடாதீர்கள். பெயருக்குப் பக்கத்திலேயே யார் யாரை மணக்கிறார், யார் எங்கே சாகிறார் என்று எழுதியிருப்பான்.

தாளின் பின்பக்கம் ஒரு கோடு: இடது ஓரம் ஸ்மொலென்ஸ்க், வலது ஓரம் மாஸ்கோ, மாஸ்கோவுக்கு மேற்கே சுமார் 120 கிலோமீட்டரில் பரதினோ. நெப்போலியன் படையெடுத்து வரும் 1812-இன் போர்ப் பகுதிக்குள் நுழையும்போது இது போதும். தேதிகளைச் சரித்திரப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். ருஷ்யாவின் பழைய நாட்காட்டி அந்த நூற்றாண்டில் 12 நாள் பின்தங்கியது. பரதினோ போர் அவர்களுக்கு ஆகஸ்ட் 26, மற்றவர்களுக்குச் செப்டம்பர் 7.

ருஷ்ய மூலத்தின் பிரிப்பில் 361 அத்தியாயம், சில ஆங்கிலப் பதிப்புகளில் 365. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று ஆண்டு முழுக்கப் படிப்பவர்கள் உண்டு. உங்களுக்கு அது ஆகாது. நான்கு நாள் தவறினால் ஐந்தாம் நாள் குற்றவுணர்ச்சியோடு திறப்பீர்கள், பத்தாம் நாள் திறக்க மாட்டீர்கள். வாரத்துக்குப் பத்து என்று வையுங்கள், எந்தக் கிழமை எத்தனை என்பது உங்கள் பாடு. சில அத்தியாயம் இரண்டு மூன்று பக்கம்தான், சில நீளும். உங்கள் வேகம் மேலே சொன்ன உதாரணத்தை ஒட்டி இருந்தால் பத்துக்கு இரண்டு மணி நேரத்தை ஒட்டி ஆகும். 37 வாரம், மார்ச் விடுமுறையைச் சேர்த்தால் 41. சரஸ்வதி பூஜையன்று புத்தகத்தைப் படையலில் வைத்துவிடும் வீடாக இருந்தால் ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள். ஐப்பசி பிறக்கும்போது முடிந்துவிடும். ஆன நேரம் 74 மணி. 150-இல் பாதிதான். மிச்சத்தில் குறுந்தொகையை வைக்கலாம், ஏற்கெனவே படித்த ஒன்றைத் திரும்ப எடுக்கலாம், டிசம்பரில் ஓட்டிய எட்டில் ஒன்றையாவது அதன் நடையில் படிக்கலாம்.

கடைசி 12 அத்தியாயத்தில் கதையே கிடையாது. வரலாறு எதனால் நகர்கிறது என்று டால்ஸ்டாய் வாதாடுகிறார், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் வந்தவர்கள் அங்கே தடுக்கி விழுவதுண்டு. அந்தப் பன்னிரண்டுக்கு மட்டும் வாரம் பத்து என்பதை மறந்துவிட்டு, கட்டுரை வேகத்தில் நாளுக்கு ஒன்றாகப் போங்கள்.

213-ஆம் பக்கத்திலிருந்து தொடரலாமா என்று கேட்கப்போகிறீர்கள். கூடாது. முதல் பக்கத்திலிருந்து, தாளோடு. அந்த 212 பக்கத்துக்கு மணிக்கு 36 வீதம் ஆறு மணி நேரம், இரண்டு வாரச் செலவு. விருந்துக்கூடத்தில் போன தடவை வெறும் சத்தமாகக் கேட்டதெல்லாம் இந்தத் தடவை யாரோ ஒருவர் பேசுவதாகக் கேட்கும்.

நீங்கள் கேட்டது 60-ஆ 75-ஆ என்றல்லவா? 150 என்று எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் ‘மணி நேரம்’ என்று சேர்த்து எழுத மறந்துவிடாதீர்கள், அடுத்த டிசம்பரில் மறுபடியும் மெல்லிய புத்தகம் தேடிக் கிளம்பிவிடுவீர்கள்.