புதுக் கணக்கு, அதே ஊர், சனிக்கிழமை ஓர் இரவு: இந்த புக்கிங்கை ஏற்கலாமா?

கேள்வி: வீட்டை நாள் வாடகைக்கு விடும் தளமான ஏர்பிஎன்பியில் இப்போதுதான் என் வீட்டைப் போட்டேன். வந்த முதல் கோரிக்கையே குழப்பமாக இருக்கிறது. கேட்பவர் எங்கள் ஊர்க்காரர், கணக்கு புதிது, ரிவ்யூ ஒன்றுமில்லை. சனிக்கிழமை ஓர் இரவு, நான்கு பேர், தம்பிக்காக எடுக்கிறேன் என்கிறார். வாட்ஸ்அப் நம்பர் கொடுங்கள், நேரடியாகப் பணம் கட்டினால் இருவருக்கும் லாபம் என்றும் எழுதியிருக்கிறார். மறுத்தால் தேடலில் என் லிஸ்டிங் (வீட்டு விளம்பரம்) பின்னால் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மறுத்துவிடுங்கள். ஆனால் எதற்காக மறுக்கிறீர்கள் என்பது உங்களுக்குத் தெளிவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வரும் நல்ல விருந்தாளியையும் இதே பயத்தில் திருப்பி அனுப்பிவிடுவீர்கள்.

முதலில் அந்தப் பயம். கோரிக்கை வந்தால் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். ‘முடியாது’ என்பதும் பதில்தான். சிறந்த ஹோஸ்டுக்கு, அதாவது வீடு விடுபவருக்கு, தளம் தரும் சூப்பர்ஹோஸ்ட் தகுதிக்குப் பார்ப்பது 90 சதவீதம் பதில் சொன்னீர்களா, ரேட்டிங் 4.8 இருக்கிறதா, நீங்களே ரத்து செய்தது 1 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்பது போன்றவற்றைத்தான். எத்தனை கோரிக்கையை மறுத்தீர்கள் என்பது அதில் வராது. உண்மையான அடி, ஏற்றுக்கொண்ட பிறகு பயந்துபோய் ரத்து செய்தால்தான் விழும். வருவதற்கு 48 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் புக்கிங் தொகையில் பாதி வரை அபராதம் போடுவார்கள். இதை ஏர்பிஎன்பியே புது ஹோஸ்டுக்கு முதல் நாளே நாலு வரியில் சொல்லிவிடலாம். அதைச் செய்யாமல் ‘நேரம் முடியப்போகிறது’ என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தால், புதிதாக வந்தவர் பதறிப்போய் ஏற்பைத்தான் அழுத்துவார்.

அடுத்து, நேரடிப் பணம். மற்ற எதுவும் சந்தேகமாக இல்லாவிட்டாலும் இந்த ஒன்று போதும் மறுப்பதற்கு. தளத்துக்கு வெளியே பணம் வாங்கினால் ஏர்கவர் என்ற ஏர்பிஎன்பியின் பாதுகாப்புத் திட்டம் கிடையாது. 30 லட்சம் டாலர் வரை சேதப் பாதுகாப்பு என்று அவர்கள் விளம்பரப்படுத்துவதெல்லாம் தளத்தின் வழியாக வந்த புக்கிங்குக்கு மட்டும்தான், அதுவும் விருந்தாளி கிளம்பிய 14 நாளுக்குள் போட்டோவோடு கேட்டால்தான். அப்புறம், நேரடிப் பணம் பேசுகிற மோசடிக்காரர்கள், கூடுதலாகப் பணம் அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்பார்கள். நீங்கள் அனுப்புவது நிஜப் பணம், அவர்கள் அனுப்பியதாகச் சொன்னது வெறும் ஸ்கிரீன்ஷாட்.

‘தம்பிக்காக’ என்பதும் வேண்டாம். தங்கப்போகிறவரே தன் கணக்கில் புக் செய்யட்டும். இப்படி அடுத்தவருக்காகக் கேட்கிறவர்களில் ஒரு வகை இடைத்தரகர்கள்: உங்களிடம் மொத்தமாக எடுத்து, வேறு இடத்தில் கட்டில் கணக்கில் விற்பார்கள். இடைத்தரகர்களில் இன்னொரு வகை இன்னும் மோசம். லிஸ்டிங் புதிதாகத் தெரிந்ததும் உங்களைத் தேடி வந்து, மாதம் இவ்வளவு நிச்சயம், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம், பாஸ்வேர்டை மட்டும் கொடுங்கள் என்பார்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவர்களுக்குக் கமிஷன் வருவது ஏற்பதில், மறுப்பதில் அல்ல. அதனால் யார் கேட்டாலும் ஏற்பார்கள், உடைந்த கதவு மட்டும் உங்களுடையது. பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கை மாற்றினாலும் உங்களுக்குத் தெரியத் தாமதமாகும். உதவிக்கு ஆள் வேண்டுமென்றால் இணை ஹோஸ்டாகச் சேர்த்து, காலண்டரும் செய்தியும் பார்க்கிற அளவுக்கு மட்டும் அனுமதி கொடுக்க வழி இருக்கிறது. பாஸ்வேர்டு கேட்கிறவருக்கு அது தெரியாமல் இல்லை.

அதே ஊர்க்காரர் என்ற விஷயத்துக்கு வருகிறேன், இங்கேதான் நிறைய பேர் தப்பாக முடிவெடுக்கிறார்கள். சொந்த ஊரில் ஓர் இரவுக்கு முழு வீடு கேட்டால் பார்ட்டி என்று சந்தேகப்படுவது நியாயம்தான். ஆனால் சொந்த ஊரிலேயே வாடகை வீடு தேடுகிறவர்கள் எல்லாரும் அப்படியில்லை. வீட்டில் குழாய் வெடித்து வேலை நடக்கும், பெயின்ட் வாசனையில் குழந்தையோடு தூங்க முடியாது, பழைய வீட்டைக் காலி செய்து புது வீட்டுச் சாவி கைக்கு வர மூன்று நாள் இடைவெளி விழும், விசேஷத்துக்கு வந்த உறவினர்களுக்கு வீட்டில் இடம் போதாது, மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்க வேண்டியிருக்கும். இவர்கள் பெரும்பாலும் வார நாட்களில், ஓர் இரவுக்கு மேல் கேட்பார்கள். அவர்கள் கேட்கும் கேள்வியே வேறாக இருக்கும்: படி எத்தனை, வாஷிங் மெஷின் இருக்கிறதா, அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில் படுக்கை கிடைக்குமா. பக்கத்து வீடு எவ்வளவு தூரம், கூட நாலு பேர் வந்துபோனால் பரவாயில்லையா என்று கேட்பது வேறு ஆள். யார் யார் வருகிறீர்கள், எதற்காக, வீட்டு விதிகளைப் படித்தீர்களா என்று கேளுங்கள். சொல்லும் காரணம் தேதியோடும் ஆள் எண்ணிக்கையோடும் ஒட்டுகிறதா பாருங்கள். ஒட்டினால் தாராளமாக ஏற்கலாம், கணக்கு புதிதாக இருந்தாலும்.

காரணம் மட்டும் நன்றாக இருந்தால் போதாது. 2019 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவில் கலிஃபோர்னியாவின் ஒரிண்டாவில், காட்டுத்தீப் புகையிலிருந்து தப்ப ஆஸ்துமா உள்ள குடும்பத்துக்கு வீடு வேண்டும் என்று சொல்லி எடுத்தார்கள். நூறு பேருக்கு மேல் கூடிய பார்ட்டியில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் இறந்தார்கள். பண்டிகை நாளில் ஓர் இரவு மட்டும் என்பதே வீட்டுக்காரருக்கு உறுத்தியிருந்தது. ஏர்பிஎன்பி 2020இல் தற்காலிகமாகப் போட்ட பார்ட்டித் தடையை 2022இல்தான் நிரந்தரமாக்கியது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பெயர், மதம், நிறம் பார்த்து மறுப்பது. அது விதிப்படியும் தப்பு, ஆபத்தைக் கண்டுபிடிக்கவும் உதவாது.

இவருக்கு இப்படி எழுதுங்கள், தளத்துக்குள்ளேயே: ‘தங்கப்போகிறவர் தன் கணக்கிலிருந்து, இந்தத் தளத்தின் வழியாகப் பணம் கட்டினால் மட்டுமே புக்கிங் ஏற்போம். இந்தத் தேதிக்கு இயலாது.’ மறுப்பை அழுத்திவிட்டு, நேரடிப் பணம் கேட்ட செய்தியைப் புகார் செய்யுங்கள். அப்புறம் அமைப்புகளுக்குப் போய் வார இறுதிக்குக் குறைந்தது இரண்டு இரவு என்று வையுங்கள். உங்கள் ஒப்புதல் இல்லாமலே பதிவாகும் உடனடி புக்கிங்கைப் பிறகு திறந்தால், நல்ல ரிவ்யூ உள்ளவர்களுக்கு மட்டும் என்ற தெரிவோடு திறங்கள்.