சிங்கப்பூர் எம்ஆர்டி நகர ரயிலில் எந்த ரயில் எப்போது ஓடும் என்பதைக் கணினியா முடிவு செய்கிறது? அங் மோ கியோ நிலையத்தில் எல்லாரையும் இறக்கிவிட்டுக் காலியாகப் போவது ஏன்?

இரண்டாவது கேள்விக்குப் பதில் சுலபம். பீஷான் பணிமனை, பீஷான் நிலையத்துக்கும் அங் மோ கியோ நிலையத்துக்கும் நடுவில் இருக்கிறது. அப்போதைக்குத் தேவைப்படாத ரயில்கள் அங்கே திரும்பும். ஆளோடு பணிமனைக்குள் போக முடியாது, அதனால் இறக்கிவிடுகிறார்கள். நடுராத்திரி நெருங்கும்போது வடக்கே போக வேண்டியவர்களுக்கு எரிச்சல்தான். நானும் அதற்கு வடக்கே இருக்கும் ஈசூன்வாசி. ஆனால் எந்த ரயிலை எத்தனை மணிக்கு உள்ளே அனுப்புவது என்று பார்க்கப் போனால், அதுவே உங்கள் முதல் கேள்வி.

நான் ரயில்காரன் இல்லை. துறைமுகத்தில் கப்பலுக்கும் பாரந்தூக்கிக்கும் நேரம் ஒதுக்கும் மென்பொருள் எழுதுகிறேன். அடியில் ஓடும் கணிதம் ஒன்றுதான்.

முதலில் எத்தனை ரயில் வேண்டும் என்று பார்ப்போம். ஒரு பாதையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி புறப்படத் தயாராக 140 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டரை நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் 140ஐ 2.5ஆல் வகுத்து 56 ரயில். நெரிசல் தணிந்து ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் 28 போதும். மீதி 28 ரயில் காலை ஒன்பதரைக்கு மேல் எங்காவது போய் நிற்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. முனைகளில் ரயிலைத் திருப்பும் நேரத்தில் மொத்தம் ஐந்து நிமிடத்தைக் குறைத்தால் 54 ரயிலே போதும், இரண்டு மிச்சம். 2018இல் வடக்கு–தெற்கு, கிழக்கு–மேற்குப் பாதைகளுக்கு 66 புதிய ரயில்கள் 1.2 பில்லியன் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கப்பட்டன. ஒன்றுக்கு ஏறக்குறைய 18 மில்லியன் வெள்ளி. அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பல பாதை, பல பணிமனை என்று வந்துவிட்டால் வெறும் வகுத்தல் போதாது. எந்தப் பயணத்தை முடித்த ரயில் அடுத்து எந்தப் பயணத்துக்குப் போகலாம் என்று ஒவ்வொரு ஜோடிக்கும் ‘ஆம், இல்லை’ போட்டு, அவற்றைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். ஒரு சங்கிலி என்றால் ஒரு ரயில். டான்ட்ஸிக், ஃபுல்கர்ஸன் என்ற இரு கணிதவியலாளர்கள் 1954இல் எண்ணெய்க் கப்பல்களுக்கு இதே கணக்கைத்தான் போட்டார்கள்: குறித்த நாளில் குறித்த துறைமுகம் போயாக வேண்டும், குறைந்தபட்சம் எத்தனை கப்பல் தேவை? விடை அழகானது. எந்த இரண்டையும் ஒரே கப்பலால் செய்ய முடியாதபடி இருக்கும் பயணங்கள் அதிகபட்சம் எத்தனையோ, அத்தனை கப்பல் இருந்தால் போதும். 1950இல் கணிதவியலாளர் டில்வொர்த் நிரூபித்த தேற்றம் இதற்கு உறுதி தருகிறது.

56 ரயிலை 56 வேலைக்குப் பிரித்துக் கொடுக்கும் வழிகளை எண்ணினால் 75 இலக்க எண் வரும். இதைக் காட்டித்தான் பல கட்டுரைகள் “எவ்வளவு கடினம் பாருங்கள்” என்று ஆரம்பிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு செலவு, மொத்தச் செலவு குறைய வேண்டும், அவ்வளவுதான் என்றால் 1955இல் கணிதவியலாளர் கூன் வெளியிட்ட ‘ஹங்கேரிய முறை’ உங்கள் மடிக்கணினியிலேயே கண்ணிமைப்பதற்குள் தீர்த்துவிடும். நிபந்தனைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போதுதான் கஷ்டம் ஆரம்பிக்கிறது.

உதாரணத்துக்கு முனை நிலையம் ஒன்று. 8:00, 8:04 மணிக்கு இரண்டு ரயில்கள் வருகின்றன. 8:06, 8:10 மணிக்கு இரண்டு பயணங்கள் புறப்பட வேண்டும். 8:06 பயணத்தை எடுக்கும் ரயில் இரவு வரை ஓடும், 8:10ஐ எடுப்பது ஒரு நடை போய்ப் பணிமனைக்குத் திரும்பும். முதலில் வந்தது முதலில் போகும் என்றால் பிரச்சினையே இல்லை. ஆனால் முதலில் வந்த ரயிலுக்குச் சக்கரப் பரிசோதனைக்கான கிலோமீட்டர் வரம்பு நெருங்கிவிட்டது, அதுதான் உள்ளே போக வேண்டும். மாற்றிவிடலாம் என்றால் 8:04க்கு வந்த ரயில் இரண்டே நிமிடத்தில் புறப்பட்டாக வேண்டும். ஓட்டுநர் 138 மீட்டர் நடந்து மறுமுனைக்குப் போக வேண்டும், அல்லது அங்கே இன்னொருவர் தயாராக நிற்க வேண்டும். முதல் ரயிலோ பத்து நிமிடம் ஒரு நடைமேடையை அடைத்துக்கொண்டு நிற்கும்.

இரவு வந்தால் இதைவிட மோசம். ஒரு பக்கம் மூடிய தண்டவாளத்தில் இரண்டு ரயில் அடுத்தடுத்து நிற்கிறது என்றால், கடைசியாக நுழைந்ததுதான் காலையில் முதலில் வெளியே வர முடியும். எங்கள் முனையத்தில் அடியில் மாட்டிக்கொண்ட கொள்கலன் கதைதான். வாசலில் நிற்கும் ரயிலைக் காலையில் பரிசோதனைக்கு என்று நிறுத்திவிட்டால், பின்னால் நிற்பது அதிகாலை முதல் நடைக்கு வர முடியாது. அதனால் இரவு எந்த வரிசையில் உள்ளே விடுகிறோம் என்பது மறுநாள் காலை அட்டவணையோடு கட்டுண்டது. இன்று, நாளை என்று தனித்தனியாகத் தீர்க்க முடியாது.

இங்கேதான் முழு எண் நிரலாக்கம் வருகிறது, அதாவது அரை ரயில், கால் ரயில் என்று வராமல் விடை முழு எண்ணாகவே வர வேண்டும் என்ற நிபந்தனையோடு செலவைக் குறைக்கும் கணிதம். ஒரு ரயிலின் பல நாள் ஓட்டம் முழுவதையும் ஒரே துண்டாக எடுத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட துண்டுகள் கோடிக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் எழுதி வைக்காமல், செலவைக் குறைக்கக்கூடியதை மட்டும் அவ்வப்போது உருவாக்கிச் சேர்க்கும் உத்தி உண்டு. நெதர்லாந்து ரயில்வே 2006 டிசம்பரில் கொண்டுவந்த புதிய கால அட்டவணையும், அதற்கான பெட்டி, பணியாளர் திட்டங்களும் இத்தகைய கணிதத்தால் உருவானவை. அதற்கு 2008இல், இத்தகைய கணிதத்தை நடைமுறையில் பயன்படுத்துவதற்குத் தரப்படும் எடல்மன் விருது கிடைத்தது. அங்கே வழியில் பெட்டித் தொகுதிகளைக் கழற்றுவார்கள், சேர்ப்பார்கள். நம் எம்ஆர்டியில் ஆறு பெட்டி என்றால் எப்போதும் ஆறு பெட்டிதான், அந்தத் தலைவலி நமக்கு இல்லை.

சரி, கணினியா முடிவு செய்கிறது? கேட்டதைத்தான் அது கொடுக்கும். “ரயில் எண்ணிக்கை குறைய வேண்டும்” என்று மட்டும் கேட்டால், திரும்பும் நேரம் எல்லாவற்றையும் கடைசி நொடிவரை இறுக்கிவிடும். தாளில் பிரமாதமாக இருக்கும். ஒரு நிலையத்தில் கதவு மூடச் சற்றுத் தாமதமானால் பின்னால் வரும் எல்லாமே தாமதம். அந்த இறுக்கத்துக்கு ஒரு விலை வைக்க வேண்டும்: காலி ஓட்டம் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு, அவகாசம் ஒரு நிமிடம் குறைந்தால் இவ்வளவு, மாற்று ரயில் இத்தனை கையிருப்பில் என்று. இந்த விலைகளைச் சொல்வது திட்டமிடும் ஆள். என் வேலையிலும் பாதிச் சண்டை இந்த எண்களைப் பற்றித்தான், சூத்திரத்தைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. அப்படிப் பார்த்தால், ஒரு ரயில் அங் மோ கியோவோடு நிற்பதற்கும் எங்கோ ஒரு எண் காரணமாக இருக்கலாம்.

ரயில் நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டால் கட்டுப்பாட்டு அறையில் யாரும் மிகச் சிறந்த விடைக்காகக் காத்திருக்க மாட்டார்கள். சில நிமிடத்துக்குள் நியாயமான ஒரு விடை கிடைத்தால் சரி.

செய்து பார்க்க ஆசையிருந்தால் இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் ஹைஸ் (HiGHS), ஓஆர்-டூல்ஸ் (OR-Tools) என்ற மென்பொருள்கள் இரண்டும் இலவசம். பத்துப் பயணத்தோடு ஆரம்பியுங்கள், முதலில் சங்கிலி கோப்பது மட்டும். பிறகு கிலோமீட்டர் வரம்பைச் சேர்த்துப் பயணங்களை நூறு, ஐந்நூறு என்று கூட்டிக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் கணினி திணற ஆரம்பிக்கிறது என்று கருத்தில் சொல்லுங்கள்.