வெறுமைக்கு மதிப்பெண்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியல் முதுகலை மாணவன் நான். பல்கலைக்கழக மாணவர்களிடம் காணப்படும் பொருளின்மை உணர்வை அளப்பது என் ஆய்வேட்டின் நோக்கம். அதற்குக் கிரம்பாவும் மஹோலிக்கும் உருவாக்கிய வாழ்க்கை நோக்கச் சோதனையைத் தேர்ந்திருக்கிறேன். ஆனால், ‘எதற்காக வாழ்கிறேன் என்றே தெரியவில்லை’ என்று ஒருவர் சொல்வதை எண்ணாக்குவது அவருக்குச் செய்யும் அநீதியோ என்ற உறுத்தல் நீங்கவில்லை. என்ன செய்யலாம்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அளப்பதில் அநீதி இல்லை. நேரில் கேட்டால் வாய் திறக்காத பலர் தாளின் முன் தனியே அமரும்போது மனம் திறக்கிறார்கள். என் கவலையெல்லாம் அந்த எண்ணை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதைப் பற்றியதுதான்.

ஆஸ்திரிய மனநல மருத்துவர் விக்டர் பிராங்கல் இருத்தல் வெறுமை என்று குறித்த நிலையை, அதாவது வாழ்வுக்குப் பொருளே இல்லை என்ற உணர்வை, அளப்பதற்காக 1964இல் வந்த சோதனை அது. 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். மொத்தம் 92க்குக் கீழே இருந்தால் வாழ்வில் தெளிவான நோக்கம் இல்லை, 112க்கு மேல் என்றால் உண்டு என்பது அதன் வழக்கமான கணக்கு. மாணவப் பருவத்தில் இத்தகைய தாள் ஒன்று என் கைக்கும் வந்தது. ஒவ்வொரு நாளும் புதிதாக இருக்கிறதா, ஒரே மாதிரி இருக்கிறதா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. தந்தை மருத்துவமனையில் இருந்த வாரம் அது. இரண்டில் எதுவும் என் நாட்களுக்குப் பொருந்தவில்லை. நடுவிலிருந்த 4ஐ வட்டமிட்டேன், பிறகு கடைசிவரை 4தான். நீங்கள் எடுத்திருக்கும் சோதனையில் ஒருவர் அப்படிச் செய்தால் மொத்தம் 80 வரும். எந்தப் பக்கமும் சாயாத அவரை நோக்கமற்றவர் பட்டியலில் சேர்த்துவிடுவீர்கள். ஆகவே மொத்தத்தைப் பார்க்கும் முன் ஒவ்வொரு தாளின் விடைகளையும் வரிசையாகப் பாருங்கள்.

இன்னொரு சிக்கல், அதன் முதல் கேள்வியே சலிப்பையும் உற்சாகத்தையும் பற்றியது என்பது. மனச்சோர்வில் இருப்பவர், தம் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று நம்பினாலும், அங்கே குறைந்த எண்ணையே இடக்கூடும். மனச்சோர்வை அளக்கும் 9 கேள்வித் தாள் ஒன்று பரவலாகப் பயன்பாட்டில் இருக்கிறது. அதையும் சேர்த்துக் கொடுத்தால்தான் இரண்டையும் ஓரளவாவது பிரித்தறிய முடியும்.

மைக்கேல் ஸ்டீகரும் சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட 10 கேள்வித் தாளையும் பரிசீலியுங்கள். அதில் பொருள் இருப்பதாக உணர்வதற்கு 5 கேள்விகள், பொருளைத் தேடுவதற்கு 5. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது. இருபது வயதில் தேடல் மிகுந்திருப்பதை நோயின் அறிகுறியாக எழுதிவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக ஒன்று. நீங்கள் தேர்ந்த 20 கேள்விகளில் ஒன்று தற்கொலை எண்ணத்தைப் பற்றியது. பெயர் எழுதாத தாளில் ஒரு மாணவி, தற்கொலையைத் தீவிரமாக எண்ணியதுண்டு என்று பொருள்படும் 1ஐ அதற்கு வட்டமிட்டிருந்தால் அவரை எங்கே போய்த் தேடுவீர்கள்? தாள்களைக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் நெறியாளரிடமும் மனநல ஆலோசகரிடமும் பேசி இதற்கு ஒரு வழி செய்துகொள்ளுங்கள். எங்கே, எந்த நேரத்தில், யாரிடம் உதவி கிடைக்கும் என்பதை ஒவ்வொருவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லும்படி தனித்தாளில் அச்சிட்டுக் கொடுங்கள். நிரப்பிய தாள்களை அன்றைக்கே படித்துவிடுங்கள்.

அன்புடன்