பரோட்டா மாவும் பாப்பாவின் கேள்வியும்

போன வாரம் பாலக்கோட்டிலிருந்து ஒரு அப்பாவும் அம்மாவும் பிளஸ் டூ படிக்கும் மகளோடு, மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்தார்கள். பரோட்டாக் கடைக்காரர்கள். நீட் மாதிரித் தேர்வில் மார்க் ஏறவே இல்லை. "மாந்தோப்பை வித்தாவது டாக்டர் ஆக்கிடலாம்" என்று பெரியப்பா நெருக்குகிறாராம். அம்மா அழுதார். தண்ணீர் கொடுத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தேன்.

அண்ணா, தோப்பை விற்காதீர்கள். நிர்வாக ஒதுக்கீட்டு எம்.பி.பி.எஸ். ஒரு வருடக் கட்டணத்தோடு முடியாது. தோப்போ ஒன்றுதான். கடன் வாங்கினால் பெரியப்பாவா வட்டி கட்டுவார்?

நர்சிங், பார்மசி, அக்ரி எல்லாம் ஊரே சொல்லும். பாப்பா நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தீர்களா? "செல் சவ்விலிருந்து குமிழ் பிரியும்போது ஏன் ஓட்டை விழுவதில்லை?" என்று எழுதியிருக்கிறாள்.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாவைப் பிதுக்கி, கழுத்தை இறுக்கி உருண்டை கிள்ளுகிறீர்களே, செல்லுக்குள் அந்த வேலையை டைனமின் என்ற புரதம் செய்கிறது. சவ்வு உள்ளே குழிந்து குமிழாகத் தொங்கும். அதன் கழுத்தைச் சுருளாகச் சுற்றி, ஜி.டி.பி. என்ற மூலக்கூறின் ஆற்றலால் டைனமின் இறுக்கும். சவ்வுக்கு இரண்டு அடுக்கு. கழுத்தின் உட்பக்க அடுக்கு முதலில் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும், பிறகுதான் வெளிப்பக்கம் அறும். அதனால் ஒன்றும் சிந்தாது.

இந்தப் புரதம் பழுதான 'ஷிபிரே' பழ ஈக்கள், வெப்பம் 30 டிகிரியை நெருங்கினால் அசைவற்று விழும், குளிரவைத்தால் எழுந்துவிடும். நரம்பு முனையில் குமிழ்கள் அறுபடாமல் நிற்பதுதான் காரணம். மனிதரில் டைனமின்-2 மரபணு பிசகினால் ஒருவகைத் தசைப் பலவீனம் வருகிறது. நோயை அறியும் வேலை இதிலும் இருக்கிறது, அக்கா.

ஐசர் என்பது இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம். புனே ஐசரில் தாமஸ் ஜோசப் புக்கடியில் என்பவரின் ஆய்வகம் குமிழ் இப்படி அறுபடுவதைத்தான் ஆராய்கிறது. 2018-இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது பெற்றவர். நமக்குப் பக்கத்தில் இருப்பது திருப்பதி ஐசர். ஐந்தாண்டு பி.எஸ்.-எம்.எஸ். படிப்பு. நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.யில் 60 கேள்விகள். உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் தலா 15. தப்பான விடைக்கு மார்க் குறையும். பாப்பா பயோ-மேத்ஸ் எடுத்தது நல்லதாயிற்று. கட்டணம், விடுதிச் செலவு உண்டு. தோப்பை விற்கும் அளவுக்கு இல்லை. பிறகு ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சிக்குப் போனால் மாதம் 37,000 ரூபாய். நிரந்தர வேலைக்கு நாளாகும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்குத் தானாக வந்தது, யாரும் திணித்ததில்லை.

பெரியப்பாவிடம் நான் பேசுகிறேன். விண்ணப்பம் திறந்ததும் மூவரும் வாருங்கள். தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.